எங்கள் கிணற்றைப் பார்க்க வந்தவர்கள்

அரூரில் நான் குடியிருக்கும் வீட்டின் போர் தண்ணீரில் டீ போட்டால் திரிந்துபோன பால் மாதிரி வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய், எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவது என் வழக்கம். கண்டக்டர்கள் கேனைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். "ஏங்க மேடம், அரூர்ல தண்ணிக்கா பஞ்சம்?" என்று ஒருவர் கேட்டார். "தண்ணிக்குப் பஞ்சமில்லீங்க, வாயில வெக்கற மாதிரி தண்ணிக்குத்தான் பஞ்சம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வாய் கொடுப்பதில்லை.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரில் இருப்பதோடு சரி. அடுத்த வருடமும் எடுத்துக்கொள்வார்களா என்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிழைப்பு. கல்யாணம் ஆகவில்லை. வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் பரிதாபப்பட வேண்டியிருக்கும், எனக்கு அது பிடிக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை கேனிலிருந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். அடியில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அரிசிக் குருணை அளவு, அதே வெள்ளை. முதலில் குருணைதான் என்று நினைத்தேன். குருணைக்குக் கால் இருக்காதே! ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கால்கள் வரிசையாக இருந்தன, முன்னால் உடம்பை விட நீளமான உணர்கொம்புகள். கண் மட்டும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழித்துவிட்ட மாதிரி மொழுக்கென்று இருந்தது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் நான் படித்ததில் எதுவும் கை கொடுக்கவில்லை. இத்தனை வருடம் புத்தகத்தில் இருக்கிற பிராணிகளையே போர்டில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தவள், புத்தகத்தில் இல்லாத ஒன்று என் டம்ளரில் நடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். டீ போட மறந்து, பஸ்ஸை விட்டு, முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போய்த் துறைத்தலைவரிடம் திட்டு வாங்கினேன். திட்டு காதிலேயே ஏறவில்லை.

டம்ளரை மூடிக் கையிலேயே பிடித்துக்கொண்டு போயிருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து, ஸ்பிரிட்டில் போட்டு வைத்தேன். வெளியூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இப்படிப்பட்ட சின்ன நீர்ப்பிராணிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு இளைஞர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவருக்கு எழுதினேன். அவர் கேட்டபடி அதையே அனுப்பியும் வைத்தேன். பதில் வர மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்குள் இன்னொன்று கிடைக்குமா என்று வாராவாரம் கிணற்று மோட்டார் குழாயில் துணி கட்டி வடித்துப் பார்த்தேன். ஒரு தடவை உடைந்த கால் ஒன்று துணியில் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

பதிலில் அவர் எழுதியிருந்தது இது. பாறை இடுக்குகளில், நிலத்தடி நீரில், வெளிச்சமே படாமல் வாழும் உயிர் இது. இந்த வகையை நம் பகுதியில் யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. புதிய இனமாக இருக்கலாம். ஆனால் உறுதிப்படுத்த முடியாது. நீங்கள் அனுப்பியது பெண். இந்தக் கூட்டத்தில் ஆணின் வயிற்றுப் பக்கக் கால் ஒன்றின் வடிவத்தை வைத்துத்தான் இனம் பிரித்துச் சொல்ல முடியும். வளர்ந்த ஆண் ஒன்று கிடைத்தால் பெயர் வைத்துவிடலாம். கிடைக்காத வரை இது பெயரில்லாத ஒன்றாகவே இருக்கும்.

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அட கடவுளே, பூமிக்கு அடியில் கண்ணே இல்லாமல் இருக்கிற ஜீவனுக்கும் இதே கதைதானா? ஆம்பளை ஒருத்தன் வந்து நின்றால்தான் நீ யார் என்று சொல்லுவார்களா?

சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்கே ஒரு அடிபம்புதான். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது யாருக்குத் தெரியும்? என் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் பல் முளைக்கும்போதே பழுப்பாகத்தான் முளைத்தது. அப்புறம் யாரோ வந்து சோதித்துவிட்டுப் பம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, இதைக் குடிக்காதீர்கள், உங்கள் வயல் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அதைக் குடியுங்கள் என்றார்கள். நாங்கள் கிணற்றுக்கு மாறினோம். என் பல் மாறவில்லை. அண்ணனுக்கும் இதே பல்தான், ஆனால் அவருக்குப் பெண் கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையின் வாயைத் திறந்து யார் பார்க்கிறார்கள்?

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அண்ணனுக்குக் கை கால் ஓடாது. அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் என்னைக் கரையேற்றுவது தன் பொறுப்பு என்று அவருக்கு ஒரு பிடிவாதம். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார். மாட்டுக் கொட்டாயைக் கழுவி விடுவார், மாட்டையும் குளிப்பாட்டுவார். வாசலில் மாவிலை கட்டுவார். அண்ணியைக் கேசரியும் பஜ்ஜியும் செய்யச் சொல்லிவிட்டு, நெய் போதுமா, உப்பு போட்டாயா என்று அடுப்படியில் நின்று உயிரை வாங்குவார். "ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா, வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். எங்கள் பக்கத்தில் 'ஒண்ணும் பண்ணாதீங்க' என்று சொன்னால் யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விருந்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்கள். அதை நம்பி ஒன்றும் பண்ணாமல் இருந்த வீடு ஆயுசுக்கும் பேச்சு வாங்கும்.

வந்தவர்கள் கேசரி சாப்பிடுவார்கள். என்னை ஏதாவது பேசச் சொல்லுவார்கள். நான் பேசுவேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஊருக்குப் போயிட்டு தகவல் சொல்றோங்க" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை குரலில் கேட்டிருக்கிறேன்! தகவல் வராது. அண்ணன் மட்டும் ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றுவார். அப்புறம் வந்து, "சுண்ணாம்பு இன்னொரு கை அடிச்சிருக்கலாம் பாப்பா. அந்தப் பக்கத்துச் சொவரு திட்டுத் திட்டா தெரிஞ்சுது" என்பார். இல்லையென்றால் பஜ்ஜியில் உப்பு கம்மி என்பார். இல்லையென்றால் வாசலில் சேறு என்பார். வீட்டில்தான் ஏதோ குறை, நாம்தான் சரியாகச் செய்யவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். என் பல்லைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஆராய்ச்சியாளரின் பதிலை நான் அண்ணனுக்குச் சொன்னபோது அவர் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்கும் மாப்பிள்ளை தேடற வேல நம்ம தலையிலதானா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கூடையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். அப்புறம் கேட்டார்:

"ஆணு கெடச்சா என்ன பேரு வெப்பாங்க?"

"ஊரு பேரு வெக்கலாம். கண்டுபுடிச்சவங்க பேரும் வெக்கலாம்னு அந்தத் தம்பி சொல்றாரு."

"அப்ப உம் பேரா?"

"கெடச்சாத்தாண்ணா."

"உலகம் பூரா அந்தப் பேருலதான் சொல்லுவாங்களா?"

"அந்தப் பிராணியப் பத்திப் பேசறவங்க சொல்லுவாங்க."

"எப்பவும்?"

"எப்பவுந்தான். ஒருக்கா வெச்சுட்டா மாத்த மாட்டாங்க."

அண்ணியைக் கூப்பிட்டு அதை அவரிடமும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுவென்றுதான் இருந்தது, இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் பெயர் எந்தப் பத்திரிகையிலும் அச்சானதில்லை, கல்யாணப் பத்திரிகை உட்பட. கல்லூரியிலும் என் பெயர் சுவரில் எழுதின பெயர் இல்லை, சாக்பீஸில் எழுதின பெயர்தான். அந்தக் குருணை அளவு ஜீவன் மேல் நான் வைத்த ஆசை மாதிரி எதன் மேலும் வைத்ததில்லை. இரண்டு மூன்று நாள் கண்ணாடி முன் நின்று லத்தீன் வால் ஒட்டின என் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் வருகிறேன் வருகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அனுமதி வர வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும், கூட வர ஆள் வேண்டும். கடைசியில் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. உடனே அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, அவங்க கெணத்துல வலை விட்டுப் பாப்பாங்க, அடியில இருக்கற சேத்த அள்ளிப் பாப்பாங்க. பாறை இடுக்குலதான் அது இருக்குமாம். அதனால யாரும் கெணத்துல எறங்க வேணாம். மோட்டார் போடறதக்கூடக் கொறச்சுக்குங்க. ஒண்ணும் பண்ணாதீங்க."

"சரி பாப்பா. எத்தன பேரு வர்றாங்க?"

"ரெண்டு பேரு. சாப்பாடு கீப்பாடுன்னு ஆரம்பிக்காதீங்க. ஒண்ணுமே பண்ணாதீங்கண்ணா."

"நான் என்ன பண்ணப் போறேன்? நீ பதறாத" என்றார்.

அதற்கு முந்தின ஞாயிறுகளில் கல்லூரியில் தேர்வு வேலை இருந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை. அரூர் தண்ணீரையே காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடந்தேன். அண்ணன் ஃபோனில் பேசும்போதெல்லாம் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். அது உண்மையும்தான்.

சனிக்கிழமை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவர்கள் காரில் ஏறிக்கொண்டேன். இளைஞர் பின் சீட் நிறைய வலை, டப்பா, சல்லடை என்று வைத்திருந்தார். கூட அவரிடம் படிக்கும் ஒரு பெண். வழியெல்லாம் இந்தப் பிராணியின் மூதாதைகள் கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்திலேயே பாறைக்குள் புகுந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் கிணற்றுக்கு அப்படி ஒரு பூர்வீகம் இருப்பது தெரிந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. "நீங்கதான் மேடம் முதல்ல பாத்திருக்கீங்க" என்று வேறு அவர் சொன்னார்.

தார் ரோட்டிலிருந்து வயல் பக்கம் திரும்பியதுமே கண்ணில் பட்டுவிட்டது. கிணற்றுச் சுற்றுச்சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதைச் சுற்றி மாவிலைத் தோரணம். சுவரில் மஞ்சள், நடுவில் குங்குமம். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கார் கதவைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது.

"வாங்க சார், வாங்கம்மா" என்று அண்ணன் கும்பிட்டார். "வூட்டுக்கு அப்புறம் போலாங்க, மொதல்ல கெணத்தப் பாருங்க."

எட்டிப் பார்த்தோம். பாறைச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. பாசி இல்லை, இடுக்கில் முளைத்திருந்த செடிகள் இல்லை, படியில் உட்கார்ந்திருக்கும் தவளைகள் இல்லை. அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர். எங்கள் கிணறு அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு மோட்டார் வெச்சு எறச்சுட்டங்க சார்" என்றார் அண்ணன். "கிரேன் போட்டுத் தூரு எடுத்தாச்சு. பாறை இடுக்கெல்லாம் ஆளு சரியா செய்ய மாட்டான்னு நானே எறங்கிக் கம்பியில சொரண்டிக் கழுவுனங்க. ஊத்துக்கண்ணுல கூடச் சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். அப்புறம் ஊத்துத் தண்ணி ஊற விட்டு, பவுடரு போட்டாச்சு."

இளைஞரின் முகத்தைப் பார்த்து அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"கலங்கலா இருந்தா எப்படிங்க சார் தேடுவீங்க? அது வெள்ளையாமே, பாப்பா சொல்லுச்சு. தண்ணி தெளிவா இருந்தாத்தான பளிச்சுனு தெரியும்? தவள, தேர, வண்டு எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டேன். இனி உங்களுது மட்டுந்தான் இருக்கும்."

"பவுடர் எதுக்குங்க போட்டீங்க?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"டேங்குத் தண்ணியில போடறதுதாங்கம்மா. மனுசங்களே அதக் குடிக்கறோம், நமக்கு ஒண்ணும் ஆகறதில்லையே."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தோரணத்தைப் பார்த்தேன்.

அவர்கள் நல்லவர்கள். வந்த வேலையைச் செய்தார்கள். வலை விட்டார்கள், அடியைத் துழாவினார்கள், சல்லடையில் கொட்டிப் பார்த்தார்கள். சுண்ணாம்புப் பொருக்குத்தான் வந்தது. ஒவ்வொரு பொருக்கும் வெள்ளையாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் அண்ணன் குனிந்து, "அதாங்களா? அதாங்களா?" என்று கேட்டார். எடுத்த தூர் எங்கே என்று இளைஞர் கேட்டார். அண்ணி அதைத் தக்காளிச் செடிகளுக்கு அள்ளிப் போட்டிருந்தார். நல்ல உரம் அல்லவா. செடிக்குச் செடி போய்க் காய்ந்த மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் அவர்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். ஒரு செடியடியிலாவது இருக்காதா, ஒன்றே ஒன்று, செத்ததாகவாவது இருக்காதா என்று எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

பிறகு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார். அண்ணி தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தார். கேசரி. பஜ்ஜி. நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால்கள் தாமாகவே உள் அறைக்குப் போய் நிற்கப் பார்த்தன.

"சாப்பிடுங்க தம்பி, முந்திரி நெறைய போட்டிருக்கேன்" என்றார் அண்ணி.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் இளைஞர்.

அண்ணன் அடக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "என்னங்க சார், எல்லாம் திருப்தியாங்க?"

இளைஞர் என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு மனசு வரவில்லை, பாவம். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு யாரால் சொல்ல முடியும்? எழுந்து கை கழுவி, வாசலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஊருக்குப் போயிட்டு தகவல் சொல்றோங்க."

அண்ணன் முகத்தில் இருந்ததெல்லாம் அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். அவருக்குப் பிராணி தெரியாது, இனம் தெரியாது. அந்த வாக்கியம் தெரியும். அதை எத்தனை தடவை இதே வாசலில் நின்று கேட்டிருக்கிறார்! "சரிங்க சார்" என்றார். கார் திரும்பி ரோட்டில் ஏறும் வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"என்ன பாப்பா குறை கண்டாங்க?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "குறையே இல்லண்ணா! அதான் குறை!" என்று கத்தினேன். "அது அழுக்குலயும் இடுக்குலயும் இருக்கற ஜீவன். நீங்க சொரண்டுன இடுக்குதான் அதுக்கு வூடு. பவுடரு பட்டா ஒரு நிமிசம் தாங்காது. ஒண்ணும் பண்ணாதீங்க, ஒண்ணும் பண்ணாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணன் புது வேட்டியைப் பார்த்தார், சுண்ணாம்பு தெறித்த தன் கையைப் பார்த்தார்.

"நீ எப்பவும் அப்படித்தான சொல்லுவ பாப்பா" என்றார். "ஒவ்வொருக்காவும் அப்படித்தான சொன்ன. இந்தவாட்டியாச்சும் ஒரு குறையும் இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்."

அந்த வீட்டில் என் பேச்சை யாரும் மீறவில்லை. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தமோ அதைத்தான் அவர் செய்தார், உயிரைக் கொடுத்துச் செய்தார். கண்ணில்லாத ஒரு பிராணிக்காக ஊத்துக்கண் வரைக்கும் இறங்கிச் சுவர் கழுவின மனுஷன் வேறு எந்த ஊரில் இருப்பான்?

தகவல் வந்தது, இந்தத் தடவை. இளைஞர் மரியாதையாக எழுதியிருந்தார். பாறையின் ஆழத்தில் சில உயிர்கள் தப்பியிருக்கலாம், மழைக்குப் பிறகு பார்க்கலாம், அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் தேடிப் பாருங்கள் என்று. இந்த 'லாம்' என்கிற விகுதியை நம்பித்தான் நான் காலம் தள்ளியிருக்கிறேன். ஆகவே தேடினேன். அக்கம்பக்கத்தில் கிணறு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. எல்லோரும் போர் போட்டுவிட்டார்கள். ஒரு கிணற்றில் பழைய டயரும் காலி பாட்டிலும் நிறைந்து கிடந்தன. ஒன்றில் சிமெண்ட் சிலாப் போட்டு மூடி அதன் மேல் டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றை மூடி மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள், எது கிணறு இருந்த இடம் என்று அவர்களுக்கே குழப்பம்.

அண்ணனும் தேடினார். வயது அறுபதாகப் போகிறது, தினமும் காலையில் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணில் பட்டதையெல்லாம் ஃபோனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கொசுப் புழு. நீர் வண்டு. முட்டையிலிருந்து வந்த தலைப்பிரட்டை. ஒரு தடவை வெறும் பஞ்சு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'இதுவா பாரு பாப்பா' என்று இருக்கும். 'இல்லண்ணா' என்று போடுவேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மேசையில் ஃபோன் அதிரும். படத்தைத் திறப்பதற்குள் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும். பார்த்தால் வண்டு. பாழாய்ப்போன நெஞ்சு, அதற்கு எத்தனை தடவை சொன்னாலும் புத்தி வராது.

அடுத்த கோடையில் பக்கத்து வயல்காரர் இன்னும் ஆழமாக ஒரு போர் இறக்கினார். எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போனது. ஒரு நாள் அண்ணன் அனுப்பிய படத்தில் பூச்சி இல்லை, தண்ணீரும் இல்லை. வெடித்துப்போன சேறும் அதில் அவருடைய செருப்புத் தடமும் இருந்தன. ஊத்துக்கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு மட்டும் இன்னும் உதிராமல் இருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. அதற்கப்புறம் படங்கள் வரவில்லை. இப்போது நான் அரூரில் கடையில் கேன் தண்ணீர் வாங்குகிறேன். எந்தப் பூச்சியும் வராத தண்ணீர்.

சமீபத்தில் அந்த இளைஞரின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. தெற்கே பல இடங்களில் கிடைத்த நிலத்தடி நீர்ப்பிராணிகளைப் பற்றியது. பெயர் வைக்கப்பட்டவை நிறைய இருந்தன, அழகான பெயர்கள். எங்களுடையது கடைசிப் பக்கத்தில், ஒரே வரியில் இருந்தது. தர்மபுரி மாவட்டம், திறந்தவெளிக் கிணறு, ஒரு பெண், இனம் உறுதிசெய்யப்படவில்லை. என் பெயர் நன்றி சொல்லும் பகுதியில் பலரோடு சேர்ந்து இருந்தது, அதிலும் எழுத்துப் பிழையோடு. நான் கோபப்படவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஃபோன் செய்தபோது, "அந்தத் தம்பி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். இன்னும் தகவலுக்காகக் காத்திருக்கிற மனுஷன். அதனால் சொன்னேன். இனி ஆகாது, முடித்துவிட்டார்கள் என்றேன்.

"அந்த மொதல்ல புடிச்சமே, அது எங்க இருக்குது?" என்றார்.

"அவங்ககிட்டயேதாண்ணா. சின்னக் கண்ணாடிப் புட்டியில, ஸ்பிரிட்டு ஊத்தி வெச்சிருக்காங்க."

"கெட்டுப் போவாதா?"

"போவாது. அப்படியே இருக்கும்."

"பேரு?"

"பேரு இல்லண்ணா. நம்பர் ஒட்டியிருக்காங்க."

"அந்தப் புட்டியில கூட வேற ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். "இல்ல, தனியாவா?"



"தனியாத்தாண்ணா" என்றேன்.

அண்ணன் அழுகிற சத்தம் கேட்டது. அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் நிமிர்ந்து நின்று காரியம் பார்த்தவர், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். நான் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் அண்ணி ஃபோனை வாங்கி, "என்னா பாப்பா சொன்ன அவருகிட்ட?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை அண்ணி, கிணற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.